மெற்றில்டா ஊற்றிய சிவப்பு வைன்

மிச்சம் என்ற ஊரில் உள்ள மெற்றில்டாவின் கடையில் தென் பிரான்ஸ் சிவப்பு வைன்கள் மூன்றாம் தட்டில் இருக்கும். எது நல்லது என்று யாராவது கேட்டால் அவள் தடுமாற மாட்டாள். கிரனாஷ், சிரா என்று இரண்டு மூன்று திராட்சை கலந்தது, ஆட்டிறைச்சிக்குத் தோதானது என்று மளமளவென ஒப்புவிப்பாள். ஒரு சொட்டுக்கூட அவள் நாக்கில் பட்டதில்லை. எல்லாம் புருஷன் கிளின்ரன் சொல்லிக் கொடுத்தது.

அவர் இறந்து ஒரு வருஷம். ஆனாலும் அந்தத் தட்டுக்கு முன்னால் முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கிறார். பட்டப்பகலில், ஆட்கள் பால் வாங்கிக்கொண்டிருக்கும்போதே நிற்கிறார். மெற்றில்டா அந்தத் தட்டில் தூசி தட்டுவதையே விட்டுவிட்டாள்.

பயப்படாமல் என்ன செய்வாள்? ஈரல் பழுது, இனிக் குடிக்கக்கூடாது என்று டொக்டர் சொன்ன அன்றே வீட்டிலிருந்த விஸ்கி முழுவதையும் சிங்குக்குள் கவிழ்த்தவள் அவள்தான். பின்னேரங்களில் அந்த மனுஷன் கை நடுங்க இருப்பதைப் பார்க்கப் பொறுக்காமல் இந்தச் சிவப்பில் ஒரு கிளாஸ் ஊற்றிக் கொடுத்தவளும் அவள்தான். மன்னாரில் வளர்ந்தவளுக்குக் குடி என்றால் சாராயமும் விஸ்கியும். வைன் என்றால் தேவாலயத்தில் சுவாமியார் பூசையில் குடிப்பது, குடித்தால் உடம்பில் ரத்தம் ஊறும் என்று நம்பினாள். டொக்டரிடம் ஒரு சொல் கேட்கக்கூடத் தோன்றவில்லை. ஒரு கிளாஸ் இரண்டானது, இரண்டு மூன்றானது. எட்டு மாதத்தில் ஆள் முடிந்துபோனார்.

மகள் டிலக்சனாவுக்கு இது தெரியாது. தெரிந்தால் அவளும் தன்னை விட்டுப் போய்விடுவாள் என்று மெற்றில்டா வாயைக் கட்டிக்கொண்டு இருந்தாள்.

ஆண்டுப் பூசை முடிந்து இருவரும் வீட்டுக்கு வந்தார்கள். டிலக்சனா தகப்பனின் படத்துக்கு மெழுகுதிரி கொளுத்தினாள். அவளுக்குப் பின்னால் அவர் நின்றார். இந்த முறை முகத்தைக் காட்டினார். மெற்றில்டாவால் அதற்குமேல் தாங்க முடியவில்லை.

"பிள்ளை, அப்பாவுக்கு வைன் ஊத்திக் குடுத்தது நான்தான். அது குடியில்லை எண்டு நினைச்சிட்டன்."

கத்துவாள், கதவை அறைந்துவிட்டுப் போவாள் என்று மெற்றில்டா காத்திருந்தாள். டிலக்சனா கதிரையில் இருந்துவிட்டாள்.

"அவர் வைன் குடிக்கிறதைக் கண்டு, ஆர் தாறது எண்டு நான் அப்பாட்டைக் கேட்டனான். தானே கடையில களவாய் எடுக்கிறன், அம்மாவுக்குத் தெரியாது எண்டவர்," என்றாள். "அந்தக் கோவத்திலதான் அம்மா, கடைசியில ஆசுப்பத்திரிக்கு அவர் கூப்பிட்டும் நான் போகேல்லை."