ஸ்டோர்ஸ் பிரிண்டருக்கு வந்த பட்டியல்

“…நூத்தியெட்டு, நூத்திப் பன்னெண்டு, அதுக்கப்பால நான். என் டோக்கன் நம்பரு எனக்குத் தெரியாதா தம்பி? மேல தலைப்புல இன்னா போட்டுக்கீது, அத்தப் படி.”

பிரிண்டரிலிருந்து இறங்கிக்கொண்டிருந்த தாளைப் பிடித்தபடி ஸ்டோர்ஸ் அண்ணன் கேட்டார். அடுத்த மாதத்திலிருந்து வேலைக்கு வர வேண்டாதவர்கள் என்று ஆங்கிலத்தில் இருந்தது.

“வேற ஏதோ லிஸ்ட்டுண்ணே.”

“உனக்குப் பொய்கூட வரல.”

அது எண்பதுகளின் கடைசி. ஸ்ரீபெரும்புதூர் பக்கத்துத் தொழிற்சாலை ஒன்றில் நான் கம்ப்யூட்டர் ஆபரேட்டர். யாரும் சொல்லித்தரவில்லை, கையேட்டைப் புரட்டிப் புரட்டிக் கற்றுக்கொண்டதுதான். அண்ணனுக்குச் சொந்த ஊர் பிள்ளைப்பாக்கம். வேர்க்கடலை போட்ட நிலத்தைக் கம்பெனிக்குக் கொடுத்துவிட்டு, பதிலுக்குக் கிடைத்த வேலையில் இருந்தார். அவர் பேச்சுக்காகவே நான் ஸ்டோர்ஸுக்கு நடப்பேன். மின்சாரம் போனால், “கரண்டு டீ குடிக்கப் போய்க்கீது” என்பார். தாள் தீர்ந்தால், “பசியோட நிறுத்தக் கூடாதுப்பா” என்று ஓடிவந்து புதுக்கட்டு மாட்டுவார். அதையெல்லாம் லாக் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் எழுதி வைத்திருந்தேன்.

எங்களிடம் பிரிண்டர் இரண்டே. ஒன்று ஆள் எடுப்பு, நீக்கம் பார்க்கும் பர்சனல் அதிகாரி அறையில், ஒன்று ஸ்டோர்ஸில். பிரிண்டர் பெயர் சொல்லாமல் அனுப்பினால் எதுவும் அதிகாரி அறைக்குத்தான் போகும். ஸ்டோர்ஸுக்குப் போக வேண்டுமென்றால் ஒவ்வொரு முறையும் கட்டளையில் ஒரு கோடு, ‘டி’ என்ற எழுத்து, பிறகு பிரிண்டரின் பெயர் என்று அடிக்க வேண்டும். அன்று ஸ்டாக் எடுக்கிற நாள். காலையிலிருந்து சீட்டுக்கு மேல் சீட்டு. கை வலித்தது. மாஸ்டர் பாஸ்வேர்டு என்னிடம் இருந்தது, உள்ளே போய், பெயர் சொல்லாவிட்டாலும் ஸ்டோர்ஸ் பிரிண்டருக்கே போகும்படி வைத்துவிட்டேன். எனக்கு மட்டும் வைத்ததாக நினைப்பு. அந்த வழியில் வைத்தால் கம்பெனிக்கே மாறிவிடும் என்பது கையேட்டில் நான் தாண்டிப்போன பக்கத்தில் இருந்திருக்கிறது.

அதிகாரி தன் அறையில்தான் அச்சாகும் என்று நம்பிப் பட்டியலை அனுப்பிவிட்டு, கதவைப் பூட்டிக்கொண்டு சாப்பிடப் போயிருந்தார். நான் சீட்டு சரிபார்க்க ஸ்டோர்ஸில் நின்றிருந்தேன்.

அண்ணன் பெயரைப் பட்டியலில் போட்டது நானில்லை. ஆனால் ஒருவர் தன் பெயரை அப்படிப் பார்க்கவைத்தது நான்தான். இத்தனை வருடம் கழித்தும் அதை வேறு மாதிரிச் சொல்லிப் பார்க்க முடியவில்லை.

கடைசியில் படித்துக் காட்டினேன். அந்த நேரம் பார்த்துத் தாள் தீர்ந்து சிவப்பு விளக்கு எரிந்தது. பட்டியல் பாதியில் நின்றது.

“பிரிண்டக் கேன்சல் பண்ணிட்டு வரேண்ணே,” என்று வாசலுக்கு ஓடினேன்.

“இன்னாத்துக்கு? நிலமும் அவன்கிட்ட, லிஸ்ட்டும் அவன்கிட்ட.”

திரும்பிப் பார்த்தேன். அண்ணன் புதுக்கட்டைப் பிரித்து, தாளின் ஓரத்துத் துளைகளைப் பிரிண்டரின் பல்சக்கரத்தில் ஒவ்வொன்றாகப் பொருத்தி, கோணல் இல்லையே என்று குனிந்து பார்த்துவிட்டு, பொத்தானை அழுத்தினார்.