கொதித்து ஆறிய தண்ணீர்

குற்றால சீசனில், தென்காசி வீட்டின் பின்கட்டில் அண்டா அண்டாவாக வெந்நீர் காய்ச்சினேன். அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். "கூப்பிடு தூரத்துல அருவி கொட்டுது. இவ வெந்நி போடுதா."

எல்லாம் ஆய்வுக்காக. சிலிக்கோன் ரப்பரில் மெத்தென்ற ரோபோ கை ஒன்று செய்திருந்தேன். தண்ணீருக்கடியில் வழுக்குப் பாறையைக் கவ்விப் பிடிக்க வேண்டிய கை. நுனியில் உறிஞ்சும் கிண்ணம், மறுமுனையில் பம்பு. பலமாக உறிஞ்சினால் அழுத்தம் குறைந்து, பச்சைத் தண்ணீரே குமிழி விடும். இதற்குக் கேவிட்டேஷன் என்று பெயர். குமிழி வந்தால் பிடி போச்சு. காய்ச்சி ஆறவைத்தால் தண்ணீரிலுள்ள காற்று போய்விடும், குமிழி லேசில் வராது. எங்கள் திரவவியல் ஆய்வகத்துக் குழாயில் தண்ணீர் வராததால் எல்லாவற்றையும் வீட்டுக்குத் தூக்கி வந்திருந்தேன்.

சிமெண்ட் தொட்டியில் ஆறிய வெந்நீர், அடியில் ஒரு பாறை. மதியம் என் பிஎச்.டி. கைடு வீடியோ காலில் பார்ப்பார். கை பிடித்தால் ஆய்வேட்டைச் சமர்ப்பிக்கலாம். இல்லையென்றால் இன்னும் ஒரு வருஷம்.

காலையில் சுரண்டையிலிருந்து பெரியப்பா வந்தார். ரிட்டயர்டு ஏட்டு. சீசனுக்கு வருகிறவர் காபிக்கு முன்னால் கேட்பது ஒன்றுதான்: "படிப்பு முடிஞ்சிட்டாட்டி?" இல்லை என்றதும் உச்சுக்கொட்டிவிட்டு அருவிக்குக் கிளம்பினார்.

குற்றாலத்தில் எண்ணெய் தேய்த்துக்கொண்டுதான் அருவிப் பக்கம் போவார். உடம்பு முழுக்கத் தேய்த்து முடிப்பதற்கும் வெள்ளம் வந்து குளிக்கத் தடை போடுவதற்கும் சரியாக இருந்திருக்கிறது. வேலையிலிருந்த காலமெல்லாம் விசிலூதிக் கூட்டத்தை விரட்டிய மனிதரை அன்று விசிலூதி விரட்டினார்கள். எண்ணெய் சொட்டச் சொட்ட டவுன் பஸ்ஸில் திரும்பியவர், பின்வாசல் வழியாக வந்து தொட்டியைப் பார்த்திருக்கிறார்.

மாடியிலிருந்து கையோடு இறங்கி வந்தால், பெரியப்பா துண்டைக் கட்டிக்கொண்டு கழுத்தளவுத் தண்ணீரில் உட்கார்ந்திருந்தார். என் பாறையின்மேல்.

"எனக்குன்னு வெதுவெதுன்னு போட்டு வச்சிருக்கியே, நல்லாருப்ப தாயி!"

"ஐயோ, எந்திரிங்க பெரியப்பா!"

"அங்கனயும் வெரட்டுதானுவ, இங்கன நீயும் வெரட்டுதியா? கால் மரத்துப் போச்சுட்டி, இரு."

தொட்டியைப் பார்க்கிற மாதிரி துணிக்கொடிக் கம்பத்தில் கட்டியிருந்த போன் அடித்தது. கைடு.

வீடியோவைத் தட்டிவிட்டேன். எனக்குக் கண்மண் தெரியவில்லை. கிண்ணத்தைத் தண்ணீருக்குள் விட்டு, பெரியப்பாவின் முதுகில் அழுத்தி, பம்பைப் போட்டேன். எண்ணெய் விளிம்பை அடைத்துக்கொண்டது. ஒரு குமிழி இல்லை.

"இழுத்துப் பாருங்கம்மா," என்றார் கைடு. இழுத்தேன். கை வரவில்லை, பெரியப்பா வந்தார்.

"ஏட்டி, எடுட்டி!"

"கொஞ்சம் பொறுங்க, சார் பாக்காரு!"

கைடு கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். "அது என்ன சர்ஃபேஸ்?"

"பெரியப்பா, சார்."

கைடு குனிந்து நோட்டில் எதையோ எழுதினார். "பாறையிலயும் ஒரு ரீடிங் எடுத்துச் சேர்த்திருங்க," என்றார் கடைசியில். "சமர்ப்பிக்கலாம்."

பம்பை நிறுத்திவிட்டு ஈரத்தரையில் அப்படியே உட்கார்ந்து அழுதேன். பெரியப்பா, முதுகில் பப்படம் அளவுக்குச் சிவந்த வட்டத்தைத் தடவியபடி எட்டிப் பார்த்தார்.

"முடிஞ்சிட்டாட்டி?"

"முடிஞ்சிட்டு, பெரியப்பா."

"பெறவு நீ ஏன்ட்டி அழுத? வலிச்சது எனக்குல்லா."