ஐஸ் பெட்டிக்கு வராத போன்

சாவுக்கு விளம்பரம் செய்வது எப்படி என்று எந்தக் கல்லூரியிலும் சொல்லித் தருவதாகத் தெரியவில்லை. நான் சொந்தச் செலவில் படித்தேன்.

சுசீந்திரம் பக்கம் எனக்கு ஒரு வாடகைக் கடை இருக்கிறது. பந்தல், நாற்காலி, சமையல் பாத்திரம், அப்புறம் இறந்தவர்களைக் கிடத்துகிற குளிர்பதனப் பெட்டி. நோட்டீசில்தான் அது குளிர்பதனப் பெட்டி, ஊர் வாயில் ஐஸ் பெட்டி. கல்யாணக்காரர்கள் குடும்பத்தோடு கடைக்கு வருவார்கள். நாற்காலியை ஆட்டிப் பார்ப்பார்கள், பேரம் பேசுவார்கள், காபி குடித்துவிட்டுப் போய் மறுநாள் மறுபடி வருவார்கள். துஷ்டி வீட்டுக்காரர்களுக்கு, அதாவது சாவு விழுந்த வீட்டுக்காரர்களுக்கு, அதற்கெல்லாம் ஏது நேரம்? ஒரு போன் போதும், பெட்டி போய் நிற்கும். குலசேகரத்து ரப்பர் தோட்ட வீடுகள் வரைக்கும் போயிருக்கிறது. ஆடியிலும் மார்கழியிலும் எங்கள் அடுப்பு எரிவது அந்தப் பெட்டியால்தான்.

போன வருடம் அந்தப் போன் படுத்துவிட்டது. சரியாகச் சொன்னால் போன் வரும், நான் எடுப்பதற்குள் நின்றுவிடும். திரும்பக் கூப்பிட்டால், "வேண்டாம், வேற ஏற்பாடாயிட்டு" என்று வைத்துவிடுவார்கள். ஊரில் ஆட்கள் சாவதை நிறுத்திவிட்டதாகவும் தெரியவில்லை. எந்தத் துஷ்டி வீட்டைத் தாண்டிப் போனாலும் வாசலில் போட்டிக் கடைக்காரனின் வண்டி நிற்கிறது. என் பெட்டி கடை மூலையில் துணி போர்த்திக் கிடந்தது. இப்படியே போனால் கடையைப் பூட்டிவிட்டு, துபாயில் இருக்கிற மச்சானிடம் கையைக் கட்டி நின்று விசா கேட்க வேண்டியதுதான். அந்த ஆளிடம் கேட்பதற்கு நானே பெட்டிக்குள் ஏறிப் படுத்துக்கொள்ளலாம்.

விளம்பரம் போதவில்லை என்று முடிவு கட்டினேன்.

பிளக்ஸ் அடிக்கிற தம்பி ஊருக்கெல்லாம் ஒரே மாதிரிதான் அடிப்பான். என் சிரித்த முகம், கூப்பிய கை, கீழே கொட்டை எழுத்தில் 'ஒருமுறை பயன்படுத்தினால் மீண்டும் எங்களையே நாடுவீர்கள்.' நான் பார்ப்பதற்குள் ஜங்ஷன் ஜங்ஷனாகக் கட்டிவிட்டான்.

"ஐஸ் பெட்டிய ரெண்டாவது தடவ எவன் மக்கா பயன்படுத்துவான்?" என்றேன்.

"குடும்பத்துல மத்தவங்க இருக்காங்கல்லாண்ணே" என்றான். வியாபாரம் எனக்குத்தான் வரவில்லை என்று தெரிந்தது.

கோயில் திருவிழா நோட்டீசுக்குப் போனேன். கமிட்டிக்காரர், "பந்தல மட்டும் போடும்வே. அன்னதானத்துக்குப் பக்கத்துல பெட்டி எதுக்கு?" என்றார். சபை விழா மலரில் இடம் இருந்தது, ஆனால் நித்திய ஜீவனைப் பற்றிய கட்டுரைக்கு நேர் எதிரே. அவர்களுக்கும் சரிப்படவில்லை. கடைசியில் உள்ளூர் கேபிள் டிவிதான் கைகொடுத்தது. குழந்தைகளின் பிறந்தநாள் வாழ்த்துப் படங்களுக்கு அடியில் என் பெட்டியும் என் நம்பரும் நாளெல்லாம் ஓடின.

பலன் இல்லை என்று சொன்னால் பொய். போன் முன்பைவிட அதிகமாக வந்தது, முன்பைவிட அதிகமாக நின்றது. டவர் கோளாறாக இருக்கும் என்று போன் கம்பெனியைக் கூப்பிட்டேன். என் அழைப்பு அவர்களுக்கு எவ்வளவு முக்கியம் என்பதை நெடுநேரம் கேட்ட பிறகு ஒரு பெண், "உங்கள் இணைப்பில் எந்தக் குறையும் இல்லை சார், சேவை மிக நன்றாகச் செயல்படுகிறது" என்றாள். நன்றி சொல்லி வைத்தேன். என்னைப் போல மரியாதைக்காரனை ஏமாற்றுவது ரொம்ப சுலபம்.

நெய்யூருக்கு அந்தப் பக்கம் என் சித்தி இருந்தாள், அம்மாவின் தங்கை. ஒருநாள் காலையில் அவள் இறந்துபோனாள் என்று சித்தி மகள் என் மனைவிக்குப் போனில் சொன்னாள். எனக்குச் சோறு ஊட்டி வளர்த்தவள். யாரும் சொல்ல வேண்டுமா என்ன? பெட்டியை லோடு வண்டியில் ஏற்றி, துடைத்து, பூ வாங்கி வைத்துக்கொண்டு கிளம்பினேன்.

போய்ச் சேர்ந்தால், முற்றத்தில் போட்டிக் கடைக்காரனின் பெட்டி. அதன் பக்கவாட்டில் சிவப்பு எழுத்தில் அவன் நம்பர். உள்ளே என் சித்தி.

அழுகை வந்தது, அதை முந்திக்கொண்டு ஆத்திரம் வந்தது. சித்தி மகனை ஓரமாக இழுத்துப் போய், "எனக்க சித்தி அடுத்தவன் பெட்டியில கெடக்கணுமாடே?" என்று பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டேன்.

"உனக்கிட்ட சொல்லத்தாம்ணே சொன்னேன். பக்கத்து வீட்டு மாமாதான் போன் அடிச்சாரு" என்று அவன் ஒரு பெரியவரைக் காட்டினான்.

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "நீருதானா அது? ஜங்ஷன்ல பிளக்ஸப் பாத்துத்தான்வே அடிச்சேன். துஷ்டிக்குப் போன் போட்டா ஆடச் சொல்லுகு! என்ன மனுசன்வே நீரு?"

எனக்கு ஒன்றும் புரியவில்லை. புரியவைக்கிறேன் என்று அவர் தன் போனை எடுத்து, என் நம்பரை அடித்து, ஸ்பீக்கரில் போட்டார்.

முதலில் தவில். அப்புறம் விசில். அப்புறம் ஒரு பெண் மாமனைக் கொஞ்சிக் கொஞ்சி அழைக்க ஆரம்பித்தாள். சட்டென்று மறுபடி தவில். அந்த நேரம் முழுக்க என் சட்டைப் பையில் என் போன் சாதுவாக மணியடித்துக்கொண்டிருந்தது. எனக்கு இத்தனை நாள் கேட்டது அந்த மணி மட்டும்தான். கூப்பிடுகிறவன் காதில் விழுவது போன் சொந்தக்காரனுக்கு எப்படித் தெரியும்?

ஒப்பாரி நின்றது. ஒரு சின்னப் பிள்ளை இடுப்பை ஆட்டியது. உள்ளேயிருந்து சித்தப்பா, "எவம்ல அது?" என்று கத்தினார். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். செத்தது சித்திக்குப் பதில் நானாக இருந்திருக்கலாம் என்று நிஜமாகவே தோன்றியது.

திரும்பி வரும்போது வண்டி டிரைவரிடம், "பாட்டு ஓடுகது உனக்குத் தெரியுமாடே?" என்றேன்.

"தெரியும்ணே. நல்ல பாட்டுல்லா! நீங்க ஆசப்பட்டு வச்சதாக்கும்னு நெனச்சேன்."

மனைவிக்குத் தெரியாது. கடைக்கு மேல்மாடிதான் எங்கள் வீடு, அங்கிருந்து கூப்பிட அவளுக்குப் போன் தேவைப்பட்டதே இல்லை.

போன் கம்பெனியில், அதற்குக் காலர் டியூன் என்று பெயர், அது வேண்டும் என்று நானே எண் ஒன்றை அழுத்தியதாகச் சொன்னார்கள். என்றைக்கோ ஒரு விளம்பர அழைப்பில் என் காது அழுத்தியிருக்க வேண்டும். காதுக்கு நான் எப்படிப் பொறுப்பாவேன்? எடுத்துவிடுங்கள் என்றால், "பாடலில் என்ன குறை சார்? பக்திப் பாடல் மாற்றித் தரட்டுமா?" என்றாள் அந்தப் பெண். நான் செய்கிற தொழிலைச் சொன்னேன். அவள் எதையோ தட்டிப் பார்க்கிற சத்தம் கேட்டது. அப்புறம், "சோகப் பாடல்களும் இருக்கின்றன சார்" என்றாள். நான் போட்ட சத்தத்தில் அன்று சாயங்காலமே பாட்டு போய்விட்டது.

பாட்டு போனாலும் பேர் போகவில்லை. 'அவனுக்குச் சாவுன்னா கொண்டாட்டமாக்கும்' என்று டீக்கடையில் பேச்சு. போகிற இடமெல்லாம் சண்டை போட்டேன். எத்தனை வீட்டில் அழுகிறவர்களோடு நின்றிருக்கிறேன், ஓர் உயிர் போனதற்கு நான் சந்தோஷப்பட்டேன் என்று எவனாவது சொன்னால் அவன் நாக்கு அழுகிப்போகும் என்றேன். நெஞ்சில் அடித்துச் சொன்னேன். கேட்டவர்கள் டீயை ஆற்றிக் குடித்தார்கள். பெட்டி மூலையிலேயே கிடந்தது. மச்சானின் நம்பரைக்கூட ஒருநாள் எடுத்துப் பார்த்துவிட்டேன்.

அடுத்த வாரம் காலையில் பல் தேய்க்கும்போது போன் அடித்தது. நிற்காமல் அடித்தது. எடுத்தேன். அழுது அழுது கம்மிப்போன குரல். "அண்ணே, அப்பா பெய்யிட்டாரு. பெட்டி வேணும்."

"இப்ப வாறேன் மக்கா. நீ மத்த காரியத்தப் பாரு" என்றேன். குரலெல்லாம் சரியாகத்தான் இருந்தது.

வண்டிச் சாவி எடுக்க அடுக்களைக்குப் போனேன். தோசைக் கரண்டியோடு திரும்பிய மனைவி என் முகத்தைப் பார்த்தாள். அவள் முகமும் மலர்ந்தது.

"கல்யாண ஆர்டரா?"

"சாவு" என்றேன்.

அவள் கரண்டியைக் கீழே வைத்தாள். "மூஞ்சியக் கழுவிட்டுப் போங்க" என்று சொல்லிவிட்டு அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

கழுவினேன். கண்ணாடியில் பார்த்துவிட்டு மறுபடியும் கழுவினேன். சிரிப்பு அப்படியேதான் இருந்தது.