கைதட்டக் கூடாத மேசை

ஓஸ்லோவில் ஒரு கல்லூரிக் கன்ரீனில் பன்னிரண்டு வருடம் வேலை செய்தேன். அந்தக் கல்லூரிக்குப் பெண்கள் கூடைப்பந்து அணி ஒன்று இருக்கிறது என்பது, வேலைக்குச் சேர்ந்து நான்கு வருடம் ஆன பிறகுதான் எனக்குத் தெரிந்தது. அதுவும் தற்செயலாக. இரண்டாயிரம் பிறந்து மூன்றோ நான்கோ வருடம் ஆகியிருக்கும். ஒரு ஞாயிற்றுக்கிழமை, விளையாட்டு மண்டபத்துக்குப் பெரிய கோப்பிப் பாத்திரத்தைக் கொண்டுபோய்க் கொடுக்க முடியுமா என்று மேலாளர் கேட்டார். கொடுத்துவிட்டு அடுத்த ரயிலில் எங்கள் வீடு இருக்கும் ஹவுகெட்டோவுக்குத் திரும்புவதுதான் திட்டம். ஞாயிறுகளில் ரயில் குறைவு என்பதால் அரை மணி நேரம் அங்கேயே உட்கார்ந்தேன். அந்த அரை மணி நேரத்தில்தான் எங்கள் வீட்டு ஞாயிற்றுக்கிழமைகள் நாசமாகின என்று என் கணவர் இன்றைக்கும் சொல்வார்.

யாழ்ப்பாணத்தில் பள்ளிக்கூட நாட்களில் நான் வலைப்பந்து ஆடியவள். வலைப்பந்தில் பந்தைப் பிடித்தவள் நின்ற இடத்திலேயே நிற்க வேண்டும். பந்தோடு ஓடினால் விசில். இங்கே ஒருத்தி பந்தைத் தரையில் தட்டித் தட்டி மூன்று பேரைக் கடந்து ஓடிக்கொண்டிருந்தாள். முதுகில் நான்காம் இலக்கம். நான் என்னை மறந்து எழும்பி, "ஓடாதை பிள்ளை, பந்தை எறி" என்று தமிழில் கத்திவிட்டேன். அவள் எறியவில்லை. தானே போய்க் கூடைக்குள் போட்டாள். திரும்பி வரும்போது என் பக்கம் பார்த்து, தமிழிலேயே "எறிஞ்சிருந்தா போயிருக்கும் அன்ரி" என்று சொல்லிவிட்டு ஓடினாள். எனக்கு வெட்கம் ஒரு பக்கம், சந்தோசம் ஒரு பக்கம். ரயிலைத் தவறவிட்டேன். அதற்கடுத்ததையும் தவறவிட்டேன்.

பெரிய அணி என்று சொல்ல முடியாது. சின்ன அணி என்று சொன்னால் எனக்குக் கோபம் வரும். முதலாம் பிரிவில் எப்போதும் நடுவில், ஆறாவதாகவோ ஏழாவதாகவோ இருப்பார்கள். பத்திரிகையில் அவர்கள் பெயர் வந்ததேயில்லை. பார்க்க வருவோர் ஐம்பது பேர் இருந்தால் அது நல்ல நாள். நோர்வேக்காரர் அழகாக உட்கார்ந்து, அளவாகக் கைதட்டி, இடையிடையே "ஹெய்யா" என்பார்கள். நான் மூன்றாவது வரிசையில் இருந்துகொண்டு மற்ற நாற்பத்தொன்பது பேருக்கும் சேர்த்துச் சத்தம் போட்டேன்.

ஆட்ட அட்டவணையைக் குசினி அலுமாரிக் கதவின் உள்பக்கம் ஒட்டி வைத்திருந்தேன். பிள்ளை பெரியவளானதற்கென்று சாமத்திய வீட்டு அழைப்பிதழ் வந்தால் முதலில் அந்தக் கதவைத் திறந்து பார்த்துவிட்டுத்தான் வருவோம், வரமாட்டோம் என்று சொல்வேன். தப்ப முடியாத ஒரு சாமத்திய வீட்டிலிருந்து பச்சைக் காஞ்சிபுரம் சேலையோடு, மேலே குளிர் ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டு நேரே மண்டபத்துக்குப் போனேன். அன்று இருபது புள்ளி வித்தியாசத்தில் வென்றோம். அடுத்த ஆட்டத்துக்கு நான் காற்சட்டையோடு போனதைக் கண்டதும் பயிற்சியாளர், "அந்தப் பச்சை உடுப்பு எங்கே?" என்று கவலையோடு கேட்டார். அந்த மனிதர் கல்லூரியில் கணிதம் படிப்பிப்பவர்.

பேர்கனுக்குப் போன கதையையும் சொல்லிவிட வேண்டும். அங்கே எங்கள் அணிக்கு ஒரு ஆட்டம் இருந்தது. என் சித்தியின் மகளும் அங்கேதான் இருக்கிறாள். "உன்னைப் பாக்கத்தான் வாறன்" என்று தொலைபேசியில் சொன்னேன். அவள் உருகிப்போய்ப் புட்டும் நண்டுக்கறியும் செய்து வைத்திருந்தாள். சாப்பிட்ட கையோடு, கடைக்குப் போய் வருகிறேன் என்று மழைக்குள் இறங்கினேன். மூன்று மணி நேரம் கழித்து வெறுங்கையோடும் அடைத்த தொண்டையோடும் வந்து நின்றவளை அவள் ஒரு மாதிரிப் பார்த்தாள். குளிர் பிடித்துவிட்டது என்றேன். இஞ்சித் தேத்தண்ணி போட்டுத் தந்தாள்.

என் கணவர் ட்ராம் ஓட்டுபவர். எதற்கும் அசையாத மனிதர். எங்கள் கல்யாண வீடியோவில்கூட, அடுத்த தரிப்பிடம் எது என்று யோசிப்பவர்போல்தான் நிற்கிறார். என்னைக் கூட்டிப்போக வரும் நாட்களில் கடைசி வரிசையில் இருந்து பத்திரிகை வாசிப்பார். ஆட்டம் எப்படி என்று கேட்டால், "மூண்டு மணிக்கு எண்டு போட்டிருக்கு. மூண்டு மணி நாலு நிமிசத்துக்குத் தொடங்கினவை" என்பார். அதற்கு மேல் ஒரு சொல் வராது.

நான் ஆட்டம் பார்க்கத் தொடங்கிய இரண்டாவது வருடம் நான்காம் இலக்கம் கன்ரீனுக்கு வந்து என் முன்னால் நின்றாள். நோர்வேயில் பிறந்த தமிழ்ப் பிள்ளை. அந்தக் கல்லூரியிலேயே தாதிமைப் படிப்பும், பிறகு அதில் மேற்படிப்பும் படித்தவள்.

"அன்ரி, ஒரு ஹெல்ப். எங்களுக்கு டுக்நாட் லிஸ்ட் வந்திருக்கு."

டுக்நாட் என்பது நோர்வேக்காரரின் பழக்கம். எல்லாரும் கூடிச் செய்யும் பொதுவேலை. சம்பளமும் கிடையாது, மாட்டேன் என்று சொல்லவும் முடியாது. அணியில் ஆடும் ஒவ்வொருத்தியும் தன் பக்கத்திலிருந்து ஒரு ஆளைக் கொண்டுவர வேண்டும். அந்த ஆள் வாஃபிள் அப்பம் சுட்டு விற்கலாம், தரை துடைக்கலாம், மேசையில் இருந்து புள்ளி எழுதலாம்.

"அம்மாவும் அப்பாவும் ஞாயிறுகளில வேலை. எனக்கு ஆளில்லை. நீங்கள் என்ர ஆளா வருவீங்களோ?"

ஓம் என்று சொல்ல எனக்கு ஒரு நொடிகூட எடுக்கவில்லை. வாஃபிள் சுடத்தான் கேட்கிறாள் என்று நினைத்து, மாவுக்கு எவ்வளவு ஏலக்காய் போடலாம் என்றுகூட யோசித்துவிட்டேன். போய்ப் பார்த்தால் மிச்சமிருந்த வேலை ஒன்றுதான். கடிகாரம்.

ஆடுகளத்துக்கு ஓரமாக ஒரு நீள மேசை. அதன்மேல் ஒரு பெட்டி, பெட்டியில் ஒரு பொத்தான். நடுவர் விசில் ஊதினால் நேரத்தை நிறுத்த வேண்டும். வெளியிலிருந்து எறியும் பந்து உள்ளே நிற்பவளின் கையில் பட்டதும் ஓடவிட வேண்டும். அவ்வளவுதான். ஆனால் பயிற்சியாளர் கடைசியாக ஒன்று சொன்னார். "இந்த மேசையில் இருக்கும்போது நீ இரண்டு அணிக்கும் சொந்தம். கத்தக் கூடாது, கைதட்டக் கூடாது."

எவ்வளவு பெரிய கொடுமை பாருங்கள். அணிக்கு இருந்த ஒரே ஒரு சத்தக்காரியைப் பிடித்து வாயைக் கட்டி உட்கார வைத்துவிட்டார்கள். முதல் ஆட்டத்திலேயே நான்காம் இலக்கம் தூரத்திலிருந்து ஒன்றைப் போட, என் கைகள் தாமாக மேலே போய்விட்டன. நடுவர் திரும்பிப் பார்த்தார். அன்றைக்கே ஒரு வழி கண்டுபிடித்தேன். இடது கையைத் தொடைக்குக் கீழே வைத்து அதன்மேல் உட்கார்ந்துவிடுவேன். ஒற்றைக் கையால் யாரும் கைதட்ட முடியாது. வீட்டுக்கு வரும்போது இடது கை விறைத்துப் போயிருக்கும். இதை நான் யாருக்கும் சொல்லவில்லை. ஒரு பெரிய மனுசி சொல்லக்கூடிய விசயமா இது?

இப்படி மூன்று சீசன் போனது. மூன்றாவதில் எங்கள் அணி சறுக்கியது. இரண்டு நல்ல ஆட்டக்காரிகள் படிப்பு முடித்துப் போய்விட்டார்கள், ஒருத்திக்கு முழங்கால் போய்விட்டது. கடைசி ஆட்டம் எங்கள் மண்டபத்தில். வென்றால் முதலாம் பிரிவிலேயே இருக்கலாம், தோற்றால் இரண்டாம் பிரிவுக்கு இறக்கிவிடுவார்கள். எதிர் அணிக்கும் அதே நிலைமை. நான்காம் இலக்கம் அப்போது அணித் தலைவி. ஆட்டத்துக்கு முதல் நாள் கன்ரீனில் கோப்பியை வாங்கிக் குடிக்காமலே வைத்துவிட்டுப் போனாள்.

அன்று மண்டபம் நிறைந்திருந்தது. கடைசி நிமிடத்தில் அவர்கள் ஒரு புள்ளி முன்னால். நான்கு நொடி மிச்சம். பந்து எங்களுக்கு. எங்கள் பக்கத்துக் கோட்டுக்கு வெளியே இருந்து ஒருத்தி எறிய வேண்டும். எதிர் அணியில் மூன்று பேர் நான்காம் இலக்கத்தைச் சுற்றி நின்றார்கள். அவள் வலப்பக்கம் போவதுபோல் போக்குக் காட்டி இடப்பக்கம் பாய்ந்தாள். ஒருத்தருமில்லாத வெளியில் பந்து அவள் கைக்கு வந்தது.

நான் கைதட்டினேன்.

இடது கை எப்போது வெளியே வந்தது, வலது கை எப்போது பொத்தானை விட்டது, எனக்குத் தெரியாது. அவள் நடுக்கோட்டைத் தாண்டும்போது சுவரில் இருந்த நேரப் பலகையைப் பார்த்தேன். நான்கு நொடி அப்படியே நின்றது. பாய்ந்து பொத்தானை அமத்தினேன். அவள் தொடர்ந்து ஓடி, எழும்பி எறிந்தாள். பந்து காற்றில் இருக்கும்போது மணி அடித்தது. பந்து கூடைக்குள் விழுந்தது.

மண்டபம் இடிந்து விழுகிற சத்தம். அவளைத் தூக்கிவிட்டார்கள். என் பக்கத்தில் புள்ளி எழுதியவளும் துள்ளிக்கொண்டிருந்தாள். எதிர் அணிப் பயிற்சியாளர் மட்டும் கையை விரித்தபடி நடுவரிடம் ஓடினார். நடுவர் மேசைக்கு வந்தார். அவர் பந்தைப் பார்த்துக்கொண்டிருந்தவர், பலகையைப் பார்க்கவில்லை. குனிந்து என்னிடம் மெல்லக் கேட்டார்.

"நேரத்தைச் சரியாகத் தொடங்கினாயா?"

எனக்குப் பொய் வராது என்று பெருமையடிக்க மாட்டேன். பேர்கன் கதையைத்தான் சொல்லிவிட்டேனே. ஓம் என்று ஒரு சொல் சொன்னால் போதும். எதிர் அணிப் பயிற்சியாளருக்குச் சந்தேகம்தான், கண்ணால் கண்டவர் ஒருத்தருமில்லை. நான் அந்தப் பிள்ளையின் ஆளாக வந்தவள். அவளுக்காகத்தான் அந்தக் கதிரையில் இருந்தேன். ஆனால் எதிர் அணியில் ஒருத்தி, அவளும் அதே வயதுப் பிள்ளை, என் மேசைக்கு முன்னால் தரையில் உட்கார்ந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இல்லை" என்றேன். "கைதட்டிவிட்டேன்."

கூடை செல்லாது, அதே இடத்திலிருந்து அதே நான்கு நொடி மறுபடியும் என்று தீர்ப்பானது. இந்த முறை இடது கையின் மேல் நன்றாக உட்கார்ந்துகொண்டு சரியாக அமத்தினேன். நான்காம் இலக்கம் எறிந்த பந்து வளையத்தில் பட்டு, யோசித்து, வெளியே விழுந்தது.

யாரும் என்னை ஏசவில்லை. பயிற்சியாளர் தோளில் தட்டிவிட்டுப் போனார். ஏசியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். காரில் நான் அழுதுகொண்டு வந்தேன். அன்றும் கூட்டிப்போக வந்திருந்த என் கணவர்தான் ஓட்டினார். வீட்டு வாசலில் காரை நிறுத்திவிட்டு, "நேரத்தில பொய் சொல்லக் கூடாது. நீர் சொன்னது சரி" என்றார்.

நான்காம் இலக்கம் அதன் பிறகு கன்ரீன் பக்கம் வரவில்லை. இரண்டாம் மாடி இயந்திரத்தில் கோப்பி குடிப்பதாகக் கேள்விப்பட்டேன். அந்தக் கோப்பியைக் குடிக்கிறாள் என்றால் எவ்வளவு கோபம் இருக்க வேண்டும் என்று எனக்குத்தானே தெரியும். கோடை விடுமுறை வந்தது. அலுமாரிக் கதவிலிருந்து அட்டவணையைக் கிழித்து எடுத்தேன்.

ஓகஸ்டில் கல்லூரி திறந்து இரண்டாம் கிழமை, அவள் வந்து என் முன்னால் ஒரு தாளை வைத்தாள். புதிய டுக்நாட் பட்டியல். கடிகாரத்துக்கு நேரே என் பெயர் இல்லை. வாஃபிளுக்கு நேரேயும் இல்லை.

"உங்களை மேசையில இருந்து எடுத்தாச்சு அன்ரி."

"விளங்குது பிள்ளை."

"உங்களுக்கு ஒண்டும் விளங்கேல்லை. நீங்கள் மேசைக்குப் போன நாளில இருந்து மண்டபமே செத்துப் போச்சு. இந்த முறை மூண்டாம் வரிசையில இருந்து கத்துங்கோ. பொத்தான் அமத்த ஆள் பிடிக்கலாம், கத்த ஆள் எங்கை பிடிக்கிறது?"

"உனக்கு என்னில கோவமில்லையோ?"

"கோவம்தான். இப்பவும் கொஞ்சம் இருக்கு" என்றாள். பிறகு கோப்பி ஊற்றச் சொன்னாள். அவள் பக்கத்து ஆள் இப்போது யார் என்று கேட்டேன். பட்டியலைத் திருப்பிக் காட்டினாள். கடிகாரத்துக்கு நேரே என் கணவரின் பெயர். அவளே தொலைபேசி எடுத்துக் கேட்டிருக்கிறாள். வீட்டில் ஒரு சொல் சொல்லாமல் இருந்திருக்கிறார் மனிதர்.

இரண்டாம் பிரிவில் முதல் ஆட்டம். மண்டபத்தில் முப்பது பேர். சொன்ன மணிக்குச் சரியாகத் தொடங்கியது. என் கணவர் மேசையில், ட்ராம் ஓட்டும் அதே முகத்தோடு, கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு இருந்தார். நான் மூன்று வருடக் கத்தலையும் சேர்த்துக் கத்தினேன். கடைசி நிமிடத்தில் இரண்டு அணியும் சமம். பந்து நான்காம் இலக்கத்தின் கையில். அவள் ஒருத்தியைக் கடந்தாள், இன்னொருத்தியைக் கடந்தாள்.

இந்த மனிதருக்கு இப்போதாவது முகத்தில் ஏதாவது தெரிகிறதா என்று மேசைப் பக்கம் திரும்பினேன். முகத்தில் ஒன்றுமில்லை. வலது கை பொத்தானில் இருந்தது. இடது கையைக் காணவில்லை. எட்டி மேசைக்குக் கீழே பார்த்தேன். அதைத் தொடைக்குக் கீழே வைத்து, அதன்மேல் அழுத்தி உட்கார்ந்திருந்தார். பத்திரிகைக்குப் பின்னால் இருந்தபடி மூன்று வருடமாக என்னைத்தான் பார்த்திருக்கிறார்.

நான் எழும்பி நின்று எங்கள் இரண்டு பேருக்கும் சேர்த்துக் கைதட்டினேன்.