மார்சே வரைக்கும் டிக்கெட்

டிக்கெட் எடுத்தும் எடுக்காமலும் நான் பல ஊர் போயிருக்கிறேன். கழிவறை ஓரம் குந்திக்கொண்டு போன இரவுகளும் உண்டு. ஆனால் நானே தேடிப் பிடித்த முதல் டிக்கெட் எனக்கானதல்ல. ஏழாவது படிக்கும்போது சித்திக்காகப் பிடித்தது. அதுவும் பிரான்ஸ் தேசத்து ரயிலில்.

சித்தி அம்மாவின் கடைசித் தங்கை. அவளைக் கட்டியவர் பாண்டிச்சேரிக்காரர், பிரான்ஸ் குடியுரிமை உள்ளவர். கல்யாணமான மாதமே லியோன் என்ற ஊருக்குத் திரும்பிவிட்டார். அவர் போன் செய்தால் சித்தி பேசுவதைவிடக் கேட்பதுதான் அதிகம். வைத்த பிறகு வெகுநேரம் பாத்திரம் துலக்கிக்கொண்டிருப்பாள். அவளோடு திண்டிவனத்தில் தையல் கற்ற கோட்டக்குப்பத்துத் தோழி ஒருத்தியும் அதே நாட்டில்தான், மார்சே என்ற ஊரில் இருந்தாள். அவள் கூப்பிட்டால் மட்டும் சித்தி சிரிப்பது தெருவரை கேட்கும்.

ஒருவழியாக விசா வந்தது. பாரிஸ் வரை விமான டிக்கெட் அனுப்பிய சித்தப்பா, தனக்கு லீவு இல்லை என்றும், அங்கிருந்து லியோனுக்கு ரயில் டிக்கெட்டைப் பெண் வீட்டார்தான் எடுக்க வேண்டும் என்றும் சொல்லிவிட்டார். சித்தியை அனுப்பிவைக்க வீடே பரபரத்தது. உனக்குப் போக இஷ்டமா என்று அவளை யாரும் கேட்டதாக எனக்கு நினைவில்லை.

மாமா, அதாவது அம்மாவின் தம்பி, விழுப்புரம் ரயில் நிலையத்துக்கு எதிரே பிரவுசிங் சென்டர் வைத்திருந்தார். தட்கல் டிக்கெட்டில் அவர் விரலுக்கு அந்த வட்டாரமே மரியாதை கொடுத்தது. நானும் சித்தியும் காலையிலேயே ரயிலேறிப் போய்விட்டோம். மாமா ஊதுபத்தி ஏற்றிவிட்டு, சித்தியின் பெயர், வயது, பாஸ்போர்ட் எண் எல்லாவற்றையும் முன்கூட்டியே தட்டிவைத்துக்கொண்டு, பத்து மணி அடிக்கக் காத்திருந்தார். பிரான்ஸ் ரயிலுக்கும் பத்து மணிக்குத்தான் கதவு திறக்கும் என்பது அவர் நம்பிக்கை. கதவு எப்போதோ திறந்துதான் கிடந்தது. நாங்கள் மூச்சைப் பிடித்துக் காத்திருந்த நேரத்தில் விலை ஏறிவிட்டது.

மாமாவுக்கு வந்த ஆத்திரத்தில் மவுஸ் மேசையிலிருந்து விழுந்தது. "இன்னா அநியாயம் இது? கோட்டா இல்ல, வெயிட்டிங் லிஸ்ட் இல்ல, நம்ம கண்ணெதிர்லயே ஏத்திக்கினு போறான்."

தண்ணீர் குடிக்க அவர் எழுந்துபோனதும் அந்த நாற்காலியில் நான் ஏறிக்கொண்டேன். காலை ரயில், மாலை ரயில், வழியில் மாறிப் போகிற ரயில் என்று ஒவ்வொன்றாக அமுக்கிப் பார்த்தேன். எல்லாமே விலைதான். அப்போதுதான் எங்கள் ஊர் பஸ் ஞாபகம் வந்தது. சென்னையிலிருந்து வரும்போது கண்டக்டர் திண்டிவனத்துக்குச் சீட்டுத் தர மாட்டார். விழுப்புரத்துக்கு வாங்கிக்கொண்டு நடுவில் இறங்குவோம். அந்தப் பழக்கத்தில் லியோனைத் தாண்டி அதே ரயில் போய் நிற்கிற ஊரைப் போட்டேன். அது மார்சே. விலை பாதிக்கும் கீழே இருந்தது.

மாமா திரையைத் துடைத்துவிட்டுப் பார்த்தார். கடைசி வரை போகிறவனுக்குக் கம்மி, நடுவில் இறங்குகிறவனுக்கு ஜாஸ்தி என்பதை அவர் படித்த ரயில்வே ஏற்கவில்லை. அதே ரயில்தானா, லியோனில் நிற்கிறதா என்று திரும்பத் திரும்பச் சரிபார்த்தார். பிறகு என்னைத் தூக்கி ஒரு சுற்றுச் சுற்றி இறக்கினார். துபாயிலிருந்து லீவில் வந்திருந்த வாடிக்கையாளர் ஒருவரின் கார்டைப் போட்டு, பணம் போய்ச் சேர்ந்ததும் டீக்கடைக்காரர் வரை கூப்பிட்டுச் சொன்னார்.

சித்தி மட்டும் அச்செடுத்த தாளையே பார்த்துக்கொண்டிருந்தாள். "அண்ணே, இந்த டிக்கெட்ல மார்சே வரைக்கும் போலாமா?"

"போலாம். நீ ஏம்மா அவ்ளோ தூரம் போற? லியோன் வந்ததும் ஜல்தியா எறங்கிடு."

திரும்பி வரும்போது ரயிலில் எனக்கு அவித்த மல்லாட்டை வாங்கி, கடலையை உரித்துத் தந்தாள். லியோனில் ரயில் எவ்வளவு நேரம் நிற்கும், அங்கிருந்து மார்சே எத்தனை மணிக்குப் போகும் என்றெல்லாம் என்னைக் கேட்டாள். என் திறமையைப் பரீட்சிக்கிறாள் என்று நினைத்து, திரையில் பார்த்ததை ஒன்றுவிடாமல் ஒப்பித்தேன். சித்தி தெருவரை கேட்கிற அந்தச் சிரிப்பைச் சிரித்தாள். எதிர் சீட்டுக்காரர் பேப்பரை இறக்கிப் பார்த்தார்.

சித்தி போன நாளில் திண்டிவனம் வீட்டில் எல்லோரும் போனைச் சுற்றி உட்கார்ந்திருந்தோம். சித்தப்பாதான் கூப்பிட்டார். ரயில் வந்ததாம், இரண்டு நிமிடம் நின்று போய்விட்டதாம், சித்தி இறங்கவில்லையாம். மாமா தலையில் கைவைத்துக்கொண்டார். தூங்கிப்போயிருப்பாள், பாஷை தெரியாத ஊரில் ஃபைன் கேட்டால் எங்கே போவாள் என்று புலம்பினார். எனக்கு மாமாவைப் பார்க்கப் பாவமாக இருந்தது.

"ஃபைன்லாம் போட மாட்டாங்க மாமா. டிக்கெட் மார்சே வரைக்கும் இருக்குது" என்றேன்.

அம்மா சட்டென்று என்னைத் திரும்பிப் பார்த்தாள். கையைப் பிடித்துச் சமையல் கட்டுக்குள் அழைத்துப்போனாள்.

"உங்கிட்ட எதுனா கேட்டாளாடி?"

"கேட்டாங்களே. மார்சே எத்தினி மணிக்குப் போவும்னு."

அம்மா அடுப்பைத் தணித்தாள்.

"இதை மாமாகிட்ட சொல்லாத" என்றாள்.

சரி என்று தலையாட்டினேன். அத்தனை பெருமையோடு எடுத்த டிக்கெட்டில் ஏதோ தப்பு நடந்துவிட்டது என்று தெரிந்தால் மாமா மனசு கஷ்டப்படும், அதனால்தான் அம்மா அப்படிச் சொல்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன்.