மாமன் நடிக்காத படம்

என் மாமன் ராணியாக இருந்த காலத்தில் எங்கள் வீட்டில் யாரும் அவரைப் பற்றி வாய்விட்டுப் பேசமாட்டார்கள். அம்மாவின் ஒரே தம்பி. புதுச்சத்திரத்துக்குப் பக்கத்தில் தோட்டமும் கிணறுமாக இருந்த குடும்பத்துப் பையன் நாடகக் கம்பெனியோடு ஓடிப்போய், இடுப்பு வரை கூந்தல் வளர்த்து, சேலை கட்டிக்கொண்டு மேடையில் அழுகிறான் என்பது அப்பாவுக்குப் பெரிய தலைக்குனிவு. ஆனால் அந்த அழுகையைப் பார்க்க வண்டி கட்டிக்கொண்டு போகிறவர்கள் ஏராளம். போர்க்களத்தில் மகன் இறந்துபோன செய்தி வந்ததும் ராணி ஒப்பாரி வைத்துப் பாடுவாளாம். ஜனங்கள் விடாமல் மறுபடியும் பாடச் சொல்வார்களாம். சந்தைக்குப் போய் வந்தவர்கள் இதையெல்லாம் சொல்லும்போது அப்பா மாட்டுக்குத் தீனி போடுவதில் மும்முரமாக இருப்பார். ஆனால் ஒரு வார்த்தை விடாமல் கேட்டுக்கொண்டிருப்பார்.

எனக்கு எட்டு வயதாகும்போது ஊருக்கு ஊர் பேசும் படம் வந்துவிட்டது. நாடகம் பார்க்க ஆள் இல்லை. கம்பெனி கலைந்து, மாமன் ஒரு தகரப் பெட்டியோடு எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றார். அப்பா திட்டவில்லை. மாட்டுக் கயிற்றைக் கையில் கொடுத்து, "போய்க் கவலை ஓட்டு" என்றார். எருது பூட்டிக் கிணற்றிலிருந்து தோல் பையில் தண்ணீர் இறைக்கிற வேலை அது. மாமன் கூந்தலைக் கொண்டை போட்டுக்கொண்டு எருதுகளுக்குப் பின்னால் நடந்தார். கழுத்தை முதலில் திருப்பி, பிறகு மெதுவாக உடம்பைத் திருப்புவார். அவர் பாட ஆரம்பித்தால் எருதுகள் நின்றுவிடும். வாய்க்காலில் தண்ணீர் வராமல் அப்பா சத்தம் போடுவார்.

அப்படியிருக்கையில் ஒருநாள் சேலத்திலிருந்து ஒரு கார் எங்கள் தோட்டத்துக்கே வந்தது. அதே நாடகத்தைப் படமாக எடுக்கிறார்கள், மாமன் உடனே வர வேண்டும் என்றார்கள். ஊரே எங்கள் வாசலில் கூடிவிட்டது. அப்பாவே பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய்க் காரில் வைத்தார். "சூதானமா இருந்துக்கோங்க மாப்பிள்ள" என்றார். அதுவரைக்கும் 'வா, போ' என்று இருந்தவர் அன்றைக்குத்தான் 'ங்க' போட்டார்.

படம் முடிந்து மாமன் திரும்பி வந்தபோது கூந்தலைக் கத்தரித்திருந்தார். எப்படி வந்திருக்கிறது என்று கேட்டவர்களுக்கெல்லாம், "நல்லா வந்திருக்குதுங்க" என்பதற்கு மேல் எதுவும் சொல்லவில்லை. அடக்கம் என்று நினைத்துக்கொண்டோம்.

சேலத்தில் படம் ஓட ஆரம்பித்ததும் ஊரில் பாதிப் பேர் கிளம்பினோம். யுத்த காலத்தில் பெட்ரோலுக்குப் பதில் கரி போட்டு ஓட்டிய பஸ். மேட்டில் ஏறாமல் நின்றது. ஆண்கள் இறங்கித் தள்ளினார்கள். மாமனைத் தள்ள விடவில்லை. "நீங்க உக்காருங்க சாமி" என்று கெஞ்சி உட்காரவைத்தார்கள். அவர் முகம் போன போக்கை நான் பார்த்தேன். பஸ் ஒத்துக்கொள்ளவில்லை போலிருக்கிறது என்று எண்ணினேன்.

மத்தியான ஆட்டம். அம்மாவும் நானும் பெண்கள் பக்கம், அப்பாவும் மாமனும் ஆண்கள் பக்கம். விளக்கு அணைந்தது. ராணி வந்தாள். அவள் யாரோ ஓர் இளம்பெண்.

ஆண்கள் பக்கத்திலிருந்து, "எங்கடா நம்ம ஆளு?" என்று ஒரு குரல் கேட்டது. "அந்தத் தாடிக்கார மந்திரியா இருக்குமோ?" என்றது இன்னொன்று. சிப்பாய்க் கூட்டம் வரும்போதெல்லாம் ஊரே எட்டி எட்டித் தேடியது. எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அப்போதுதான் அந்த ராணி கழுத்தை முதலில் திருப்பி, பிறகு உடம்பைத் திருப்பினாள்.

"அம்மா, அது நம்ம மாமனாட்டவே திரும்புது!" என்று கத்தினேன். சுற்றியிருந்த பெண்கள் சிரித்தார்கள்.

மகன் இறந்த செய்தி வரும் இடம் வந்தது. எல்லாரும் ஒப்பாரிக்காகக் காத்திருந்தோம். பாட்டே வரவில்லை. ராணி மாலை கட்டிக்கொண்டிருந்தாள். சேவகன் வந்து சொன்னான். அவள் நிமிரவில்லை. கூடையிலிருந்து பூவை எடுத்தாள், காம்பைக் கிள்ளினாள், பூவைக் கீழே போட்டுவிட்டுக் காம்பை மடியில் வைத்துக்கொண்டாள். அடுத்த பூவையும் அப்படியே செய்தாள். படம் அவள் விரல்களுக்குப் பக்கத்தில் போய் நின்றது. எனக்கு அது வேடிக்கையாக இருந்தது. சிரித்தபடி திரும்பினால், கொட்டகையில் பெண்கள் எல்லாரும் மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தார்கள். அம்மா மட்டும் அழவில்லை. என் மணிக்கட்டைப் பிடித்திருந்தாள். வலித்தது.

பிறகு பஸ் ஸ்டாண்டு மரத்தடியில் கட்டுச்சோற்றைப் பிரித்தோம். ஊர்க்காரர்கள் கொஞ்சம் தள்ளியே உட்கார்ந்துகொண்டார்கள். அப்பா நேராகவே கேட்டார்: "நீங்க எங்க மாப்பிள்ள இருந்தீங்க?" நல்லவேளை, 'ங்க' இன்னும் போகவில்லை.

"கேமரா ரொம்பக் கிட்ட வந்து பாக்குதுங்க மச்சான். குரல்வளை துருத்திட்டுத் தெரியுதுன்னுட்டாங்க. அந்தப் புள்ளைக்குச் சொல்லிக் குடுக்கத்தான் என்னைய வெச்சிருந்தாங்க."

"ஒப்பாரிப் பாட்டு?"

"நீளம்னு வெட்டிட்டாங்க. அதுக்குப் பதுலா நாந்தான் அந்தப் பூக்கட்டறதச் சொன்னேன். மேடையில அதச் செஞ்சா பின்னால உக்காந்திருக்கறவங்களுக்குத் தெரியாதுங்க. கேமராவுக்குத் தெரியும்."

அம்மா சோறு போடுவதை நிறுத்தினாள்.

"அன்னைக்கு நீ அங்கதான் நின்னுட்டு இருந்தயா?"

"கதவுக்குப் பின்னால, அக்கா."

"நான் மொறத்துல பண்ணுனதெல்லாம் பாத்தயா?"

"ஆமாங்கக்கா." மாமன் தலையைக் குனிந்துகொண்டார். "வேணும்னு எடுத்துட்டுப் போகலீங்க. மனசுல அதுதான் இருந்துச்சு."

அம்மா திட்டப்போகிறாள் என்று நினைத்தேன். அவளோ இருந்த தயிர்ச்சோற்றை எல்லாம் அள்ளி அவர் இலையில் வைத்து, "தின்னு சாமி" என்றாள். அப்பா எழுந்து பஸ் வருகிறதா என்று பார்க்கப் போய்விட்டார்.

"படத்துல மொறமே வரலையே!" என்று நான் கேட்டேன்.

மாமன் அதன்பிறகு சேலத்திலேயே தங்கி, வந்த நடிகைகளுக்கெல்லாம் நடக்கவும் அழவும் சொல்லிக்கொடுத்தார். எந்தப் படத்திலும் அவர் பெயர் வரவில்லை. சாப்பாட்டுக்குக் குறைவு வரவில்லை என்று அவரே சொல்லிச் சிரிப்பார்.

எனக்கு முன்னால் ஓர் அண்ணன் பிறந்திருந்தான் என்பதை, நான் பிள்ளை பெற்ற பிறகுதான் அம்மா சொன்னாள். மாமன் கம்பெனியோடு ஓடிப்போவதற்கு முன்னால் நடந்தது. காய்ச்சலில் கிடந்தவனை அப்பா சேலம் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போயிருக்கிறார். வீட்டில் அம்மா முறத்தில் பருப்புக்குக் கல் பொறுக்கிக்கொண்டிருந்திருக்கிறாள். ஆள் வந்து சொன்ன பிறகும் கை நிற்கவில்லை. பருப்பைத் தரையில் போட்டுவிட்டுக் கல்லை எல்லாம் முறத்தில் சேர்த்தாளாம். அந்தப் பிள்ளையின் பேச்சை அதன்பிறகு வீட்டில் யாரும் எடுத்ததில்லை.

எட்டு வயதில் எனக்குத் தெரிந்தது வேறு. மறு வாரமே அம்மா, மாமனைத் துணைக்கு அழைத்துக்கொண்டு, அதே படத்துக்கு இன்னொரு தடவை போனாள். நானும் வருகிறேன் என்று பஸ்ஸுக்குப் பின்னால் ஓடினேன். அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பார்த்த படத்தையே என்னை விட்டுவிட்டுப் பார்க்கப் போகிறாளே என்று, ரோட்டோரத்துப் புளியமரத்தடியில் உட்கார்ந்து சாயங்காலம் வரை அழுதேன்.