வாய் மூடிய மூன்று

குண்டக்காவை முதலில் பார்த்தபோது பெயரும் ஆளும் பொருந்தவில்லை. ஈர்க்குச்சிபோல் இருந்தார். நான் என் பெயர்ப் பலகைக்காக அவர் வேலை பார்க்கும் அச்சகத்துக்குப் போயிருந்தேன். எங்கள் குடும்பத்தில் பெயருக்குப் பின்னால் பட்டம் போட்டுக்கொண்ட முதல் ஆள் நான்தான்.

"பி.ஃபார்ம்-ஐ நல்லா தடிப்பா போடுங்கக்கா."

"போட்டுடலாம் தம்பி. பட்டம் தடிச்சு உங்க பேரு காணாமப் போனா பரவாயில்லையா?"

பேக்கரியோ பொம்மைக் கடையோ, கணினியில் அவர் எடுப்பது ஒரே எழுத்துருதான்: தடித்து, முனையெல்லாம் மழுங்கிய குண்டெழுத்து. "இதுல கூர் கிடையாது, யாரையும் குத்தாது" என்பார். பட்டப்பெயர் வந்த கதை அதுதான்.

நான் மருந்தாளராக வேலை பார்க்கும் குழந்தைகள் மருத்துவமனையின் சளி மருந்துக்கும் அவர்தான் லேபிள் செய்தார். புது லேபிள் ஒட்டிய பாட்டில்களைக் கொடுக்கத் தொடங்கிய மறுநாள் காலை, கையில் ஒரு லேபிளோடு மூச்சிரைக்க ஓடிவந்தார்.

"தம்பி, யோசிக்காம சொல்லுங்க. இது என்ன நம்பர்?"

"எட்டு."

சொன்ன பிறகுதான் லேபிளைக் கையில் வாங்கி உற்றுப் பார்த்தேன். ஒரு வேளைக்கு மூன்று மில்லிதான். திரையில் பெரிதாகப் பார்த்ததைச் சின்ன பாட்டிலுக்காகச் சுருக்கியிருக்கிறார். மை ஊறி, தடித்த மூன்றின் இரண்டு வாயும் மூடிக்கொண்டன. அளவு எனக்கு மனப்பாடம் என்பதால் நான் படிக்காமலே ஒட்டிக் கொடுத்திருந்தேன்.

"எத்தனை பாட்டில் போச்சு தம்பி?"

"நாலு."

பதிவேட்டை வைத்துக்கொண்டு போன் போட்டேன். இரண்டு பேர் இன்னும் மூடியே திறக்கவில்லை. மூன்றாவது அம்மா, "எட்டா! இன்னும் குடுக்கல, ரெண்டு நாள்ல பாட்டிலே காலியாயிடுமேன்னு கேக்கத்தான் கிளம்பிட்டிருந்தேன்" என்று திட்டினார். நான்காவது எண் அடித்துக்கொண்டே இருந்தது, யாரும் எடுக்கவில்லை.

முகவரி இரண்டு தெரு தள்ளி. ஓடினோம். கதவைத் திறந்த பெண் உதட்டில் விரல் வைத்தார்.

"சத்தம் போடாதீங்க. மருந்து குடுத்ததும் அசந்து தூங்கிட்டான். முழிச்சிடுவானோன்னு போனைக்கூட அமத்தி வச்சிருக்கேன். நல்ல மருந்து!"

"எவ்வளவும்மா குடுத்தீங்க?"

"போட்டிருக்கறதுதான். எட்டு."

குண்டக்கா அவரைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனார். இரண்டு வயதுப் பையன். உள்ளங்காலைச் சுரண்டினார், கன்னத்தைத் தட்டினார். இமை அசைந்தது, திறக்கவில்லை. வாரித் தோளில் போட்டுக்கொண்டு மருத்துவமனைக்கு ஓடினார்.

பிறகு ஐந்து மணி நேரம் பையனைப் படுக்கவைத்த கட்டிலின் கம்பியை விடவில்லை. "மூச்சு வருதா தம்பி? பாருங்க. மறுபடியும் பாருங்க" என்றுதான் கேட்டுக்கொண்டிருந்தார். ஒவ்வொரு முறையும் நான் குனிந்து மூச்சை எண்ணினேன். நாலு மணிக்குப் பையன் கண் திறந்து, வீறிட்டு அழுதான். பயமில்லை என்றார் மருத்துவர். பையனின் அம்மா எங்கள் இருவரையும் ஏறெடுத்துக்கூடப் பார்க்கவில்லை.

குண்டக்கா இப்போதும் அதே அச்சகத்தில்தான் இருக்கிறார். மருந்து லேபிளில் மட்டும் அளவை மெல்லிய எழுத்தில், எண்ணாலும் எழுத்தாலும் போடுகிறார். முதல் தாளைக் கடைக்கு வரும் யாராவது ஒருவர் படித்துக் காட்டிய பிறகே மற்றதை ஓடவிடுகிறார்.